எண்ணாமல் நேர்ந்த கொலை

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் கிழக்கு வாயிலால் நுழைகிறவர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. காரணம் இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். வேட்டை முடிந்து இருட்டில் திரும்பிய வரகுண பாண்டியனின் குதிரை, வழியில் படுத்திருந்த அந்தணர் ஒருவரை மிதித்துவிட்டது. அவர் இறந்துபோனார். அரசன் அதை அறியவில்லை. ஆனாலும் பிரமஹத்தி அவனைப் பற்றிக்கொண்டது. தானமும் பரிகாரமும் செய்து பார்த்தான், விலகவில்லை. மதுரைச் சோமசுந்தரர் சொன்னபடி, சோழனை விரட்டிக்கொண்டு வந்தவன் இந்தக் கோயிலின் கிழக்கு வாயிலால் புகுந்தபோது பிரமஹத்தி வெளியே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாயிலால் வெளியேறினான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரகுணனுக்குச் சிவலோகம் காட்டிய படலத்தில் வரும் கதை இது.

தலப்பெருமையாகவே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். உள்ளே இருக்கும் கேள்வி கடுமையானது. கொல்ல நினைக்காதவன், கொன்றதையே அறியாதவன். அவனிடம் ஒட்டிக்கொண்டது என்ன? பாவம் என்றால், எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் எப்படி வரும்? பாவம் இல்லை என்றால், அவன் ஏன் அலைக்கழிய வேண்டும்? கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நெல் லாரியோ பேருந்தோ ஓட்டுகிற யாருக்கும் இந்தக் கேள்வி நாளைக்கே வந்து நிற்கலாம்.

இஸ்லாமியச் சிந்தனையும் மேற்கத்தியச் சிந்தனையும் இதே கேள்வியோடு பல நூற்றாண்டுகள் போராடியிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. கொன்றவன் மனத்தில் தங்கும் சுமையை மேற்கு மிக நுட்பமாக விவரித்தது. அந்தச் சுமையோடு அவன் என்ன செய்ய வேண்டும் என்பதை இஸ்லாமியச் சட்டவியல் சொன்னது.

இருவருக்கும் பாட்டன் ஒருவரே. அரிஸ்டாட்டில் தம் அறநூலின் மூன்றாம் பகுதியில், அறியாமையால் செய்ததை மனமறிந்து செய்ததிலிருந்து பிரிக்கிறார். அதோடு நிற்கவில்லை. அறியாமல் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவனும், வருந்தாதவனும் ஒன்றல்ல என்கிறார். வருந்தியவனுடைய செயலே அவன் விருப்பத்துக்கு மாறானது என்று சொல்லத் தகும். நடந்து முடிந்த ஒன்றின் தன்மையைப் பின்னால் வரும் வருத்தம் எப்படித் தீர்மானிக்கும் என்று இன்றும் வாதாடுகிறார்கள். இந்த நூல் அரபிக்குப் போனது. கொர்தோபாவின் இப்னு ருஷ்து (1126–1198) அதற்கு விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் பிறகு லத்தீனுக்குப் போனது. ஆகவே முற்றிலும் அந்நியமான இரண்டை நாம் ஒப்பிடவில்லை.

இஸ்லாமிய மரபில் எண்ணத்துக்கு, அதாவது நிய்யத்துக்கு, முதலிடம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் கருத்துள்ள நபிமொழிதான் புகாரீயின் தொகுப்பில் முதலாவது. கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா'வில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, நாவால் சொல்வது நிய்யத் ஆகாது, அது உள்ளம் ஒன்றை நோக்கிச் சாய்வது என்று விளக்குகிறார். அப்படியானால் வரகுணன் விஷயத்தில் பேச்சே இருக்கக்கூடாது. உள்ளம் சாயவில்லை, பாவம் இல்லை, போகலாம் என்று முடித்திருக்கலாம்.

முடிக்கவில்லை. குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 92ஆம் வசனம், தவறுதலாகக் கொன்றவனுக்கு இரண்டு கடமைகள் வைக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகை தர வேண்டும். குடும்பம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். அடுத்தது கஃப்பாரா. ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாதவன் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். அடிமை முறை ஒழிந்துவிட்டதால் இன்று மிஞ்சியிருப்பது நோன்புதான்.

இந்த அமைப்பு என்னை ஈர்ப்பதற்குக் காரணம், அது மூன்று கணக்குகளைத் தனித்தனியே வைப்பது. மறுமையில் கொலைகாரனுக்குரிய தண்டனை இவனுக்கு இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் குறைந்திருக்கிறார், அந்தக் கணக்கைத் தியத் பார்க்கிறது. இறைவனுக்குரிய ஓர் உயிர் இவன் கையால் போயிருக்கிறது, அந்தக் கணக்கைக் கஃப்பாரா பார்க்கிறது. ஒன்றைக் கட்டினால் மற்றொன்று தீராது. குடும்பம் பணத்தை விட்டுக்கொடுத்தாலும் நோன்பு நிற்கும்.

பாவம் இல்லை என்றால் கஃப்பாரா எதற்கு? இங்கேதான் சட்டவியலாளர்கள் மெய்யியலாளர்கள் ஆகிறார்கள். ஹனஃபீ என்னும் சட்ட மரபின் அறிஞர்கள், கொன்றவன் இன்னும் கவனமாக இருந்திருக்கலாமே என்ற குறையை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். கொலையை ஐந்து வகையாகப் பிரிக்கும் அவர்கள், தூக்கத்தில் புரண்டு பக்கத்தில் படுத்திருந்தவர் மேல் விழுந்து கொன்றவனுக்கும் ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். தவறுதலாகச் செய்தான் என்று சொல்லக்கூட அவன் எதையும் செய்ய நினைத்தவனில்லை. இருந்தும் தியத்தும் கஃப்பாராவும் உண்டு. ஷாஃபிஈ என்னும் மற்றொரு சட்ட மரபின் அறிஞர்கள் கவனக்குறைவைத் தேடிப் போவதில்லை. காக்கப்பட வேண்டிய ஓர் உயிர் போயிற்று, அதுவே போதுமான காரணம். ஆகையால் கொன்றவன் சிறுவனே ஆனாலும் கஃப்பாரா உண்டு என்பது அவர்கள் முடிவு. நம் பக்கத்தில் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள், உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபீகள். அக்கம்பக்கமாக வாழ்கிறவர்களிடையே இந்த மெய்யியல் வேறுபாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

முஅதஸிலா என்னும் இஸ்லாமிய இறையியல் பிரிவினர் இதே இழையை வேறு முனையில் பிடித்தார்கள். ஒருவன் அம்பை எய்துவிட்டு, அது தைப்பதற்குள் தானே இறந்துவிட்டால், கொன்றவன் யார்? செயலிலிருந்து பிறக்கும் விளைவும் அவனுடைய செயல்தானா? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலும் பஸ்ராவிலும் இதைப் பேசினார்கள்.

மேற்கின் பாதை வேறு. அங்கேயும் ஒரு காலத்தில் பரிகாரம் இருந்தது. இங்கிலாந்தில் ஒருவரின் சாவுக்குக் காரணமான குதிரை, வண்டி, எருது போன்றவை அரசுக்குப் பறிமுதலாகும். அதன் மதிப்பை அறக்காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது மரபு. யார் மேல் குற்றம் என்று அதில் பார்ப்பதில்லை. வரகுணன் அங்கே பிறந்திருந்தால் அவன் குதிரை போயிருக்கும். ரயில் வந்ததும் நிலைமை மாறியது. நடுவர்கள் ரயில் எஞ்சின்களின் மேல் பெருந்தொகை விதிக்கத் தொடங்கினார்கள். 1846இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தை ஒழித்தது. அதே ஆண்டில், பிறர் தவற்றால் ஒருவர் இறந்தால் குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்று தனிச்சட்டம் வந்தது. குடும்பத்துக்கு அது பெரிய நியாயம், மறுக்க முடியாது. ஆனால் உயிர் போனதற்காக யாரும் எதையும் அர்ப்பணிக்கத் தேவையில்லை என்பதும் அன்றே உறுதியாயிற்று. அந்தச் சட்டத்தின் இந்திய வடிவம் 1855இல் வந்தது.

மெய்யியலிலும் இதே போக்குதான். 1785இல் காண்ட், நல்ல எண்ணம் விளைவு எதுவானாலும் தன் மதிப்பை இழக்காது என்று நிறுவினார். கஸ்ஸாலியும் காண்டும் இங்கே கைகுலுக்கலாம். ஆனால் காண்டின் வழியில் போனால் எண்ணாமல் கொன்றவனிடம் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. காண்டுக்கு முன்பே ஆடம் ஸ்மித் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டார். பொருளியலுக்காகவே நாம் அறியும் ஸ்மித், 1759இல் முதலில் வெளியிட்டுப் பலமுறை திருத்திய அறவுணர்வு நூலில், தெய்வத்துக்கு விடப்பட்ட நிலத்தை அறியாமல் மிதித்தவன்கூடப் பரிகாரம் செய்ய வேண்டியிருந்ததைச் சுட்டுகிறார். அதுபோலவே பிறரின் உயிரும் புனிதமானது. அறியாமல் அழித்தவனுக்குக் குற்றம் இல்லாவிட்டாலும், ஈடுசெய்யும் கடமை உண்டென்று அவன் மனமே உணரும். ஷாஃபிஈ அறிஞர் ஒருவர் இதைப் படித்திருந்தால் ஒரு தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொண்டிருப்பார்.

1976இல் மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தக் கேள்வியைப் பற்றி ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். வில்லியம்ஸின் உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். தன் பிழை எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையை மோதிக் கொன்றுவிட்டான். நாம் ஆறுதல் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் உடனே ஆறிவிட்டால் நமக்கு அவன்மேல் ஐயம் வரும். பக்கத்தில் நின்று பார்த்தவனின் வருத்தம் வேறு, ஓட்டியவனின் வருத்தம் வேறு என்கிறார் வில்லியம்ஸ். எத்தனை துல்லியமான பார்வை. ஆனால் கட்டுரையை மூடியபின் அந்த ஓட்டுநர் என்ன செய்வான்? ஈடுசெய்ய ஏதாவது செய்யத் தோன்றும் என்பதை வில்லியம்ஸ் அறிவார்; எது, எவ்வளவு, எப்போது முடியும் என்று சொல்ல அவர் நின்ற மரபில் சடங்கு எதுவும் மீதமில்லை.

கஃப்பாராவின் வலிமை அதற்கு ஒரு முடிவு இருப்பதுதான். இரண்டு மாதம், இடையில் விடாமல். இதைவிடக் குறைவாகச் செய்துவிட்டுத் தப்ப முடியாது. இதற்குமேல் வாழ்நாளெல்லாம் உன்னை வதைத்துக்கொள் என்று யாரும் கேட்கவும் முடியாது. திருவாரூர்க் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இளவரசன் தேர்க்காலில் கன்று சிக்கியதும் எண்ணாமல் நடந்ததே. பரிகாரம் செய்யலாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் ஏற்காமல் மகன்மேல் தேரை ஓட்டினான். அளவு தெரியாத குற்றவுணர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அந்தக் கதையில் நான் பார்க்கிறேன்.

இஸ்லாமியச் சட்டத்தின் பக்கம் குறையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். பழைய சட்ட நூல்களில் பெண்ணின் தியத் ஆணுடையதில் பாதி. ஷாஃபிஈ மரபில் யூதர், கிறித்தவர் உயிருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஹனஃபீகள் மட்டும் அதைச் சமமாக்கினார்கள். அதே சமயம், நம் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இறந்தவரின் வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கியே இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. நடவுக்குப் போகும் பெண்ணின் உயிர் வங்கி அதிகாரியின் உயிரைவிட மலிவாகிறது. 2019 திருத்தத்துக்குப்பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, யார் தவறு என்று பாராமல் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் என்று வைத்திருப்பது, எனக்குத் தெரிந்தவரை வருமானம் பாராத தியத்தின் சமத்துவத்துக்கு மிக நெருங்கிய இடம்.

திருவிடைமருதூர் இருக்கும் இந்த மாவட்டம் இவ்விரு சட்டங்களையும் அனுபவித்த மண் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, சென்னை மாகாணத்தில் கம்பெனி நீதிமன்றங்களுக்கு அடிப்படை இஸ்லாமியக் குற்றவியலே. கம்பெனியின் ஒழுங்குவிதிகள் அதை மாற்றிக்கொண்டே வந்தன. வங்காளத்தில் 1790களிலேயே, கொன்றவனை மன்னிக்கும் உரிமை உறவினரிடமிருந்து எடுக்கப்பட்டது. கொலை அரசுக்கு எதிரான குற்றம் என்பது மேற்கின் நிலைப்பாடு. பணக்காரன் ஏழையை மிரட்டி மன்னிப்பு வாங்குவதை அது தடுத்தது. கூடவே, இரு குடும்பங்கள் நேருக்கு நேர் உட்காரும் இடமும் போயிற்று. தவறுதலான கொலையில் தியத்தைக் கொன்றவன் மட்டும் சுமப்பதில்லை. அவன் தந்தைவழி உறவினர் கூடித் தர வேண்டும். அந்த இடத்தில் இன்று காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. அந்த வீட்டுப் பக்கம் போகாதே, போனால் ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பதே ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை.

இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு. பொதுவழியில் ஒருவன் குழி வெட்டுகிறான், வேறொருவர் விழுந்து இறக்கிறார். தியத் உண்டு என்பதில் ஹனஃபீகளுக்கும் ஷாஃபிஈகளுக்கும் வேறுபாடில்லை. ஆனால் வெட்டியவன் தன் கையால் கொல்லவில்லை என்று ஹனஃபீகள் கஃப்பாராவை விலக்கினார்கள். ஷாஃபிஈகள் அதையும் விதித்தார்கள். வில்லியம்ஸின் ஓட்டுநர் குழந்தையைக் கண்ணால் பார்த்தவன். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைக்காமல் வீட்டுக்குப் போன ஒப்பந்தக்காரர் யாரையும் பார்ப்பதில்லை. அவருக்கு வருத்தம் தானாக வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இதில் நான் ஷாஃபிஈகளின் பக்கம். அறுபது நாள் பசி அவரையும் சேர வேண்டும்.