பேரப்பிள்ளையைக் காண நீதிமன்ற ஆணையா? - ஒரு வரலாற்றுப் பார்வை



தாத்தாவும் பாட்டியும் தங்கள் பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கு நீதிமன்றத்தின் படியேற வேண்டிய காலம் வரும் என்று நம் முன்னோர் எண்ணியிருப்பார்களா? தோட்டப்புறங்களில் நாம் வாழ்ந்த காலத்தில் இக்கேள்விக்கே இடமிருந்ததில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் மூன்று தலைமுறையினர் வாழ்ந்தனர். பெற்றோர் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்றுவிட்டால், கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. வளர்ந்த பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொண்டார். கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தாலும் பிள்ளை இரண்டு வீட்டிலும் சோறு உண்டது.

இன்று தோட்டங்கள் கலைந்துவிட்டன. அன்னாசிக்குப் பெயர்பெற்ற நம் பெக்கான் நானாசிலும் வாழ்க்கை மாறிவிட்டது. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலரின் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியே வளர்க்கின்றனர். அத்தகைய குடும்பத்தில் மணமுறிவோ மரணமோ நேர்ந்தால் என்ன ஆகிறது? நேற்றுவரை பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்த பாட்டி, இன்று வேலிக்கு அப்பால் நின்று ஓய்வு நேரத்தில் பேரனின் முகத்தைத் தேடுகிறார். என் ஆசிரியப் பணியில் இக்காட்சியை ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், எங்களுக்குச் சட்டத்தில் உரிமை இல்லையா?"

இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. இவ்வுரிமைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைச் சற்றே பார்ப்போம்.

பிரான்சில் தொடக்கம்

குழந்தையின் மீது தந்தைக்கே முழு அதிகாரம் என்றிருந்த காலத்தில், 1857-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தகுந்த காரணமின்றித் தாத்தா பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளையை அடியோடு பிரிக்கத் தந்தைக்கு அதிகாரமில்லை என்பதே அதன் சாரம். 1970-இல் இது சட்டமாகவே எழுதப்பட்டது. 2002-இல் அச்சட்டத்தின் சொற்கள் மாற்றப்பட்டன. அதன்பின் அது தாத்தா பாட்டியின் உரிமையாக எழுதப்படவில்லை. தன் முன்னோருடன் உறவு கொள்ளும் 'குழந்தையின் உரிமை' என்று எழுதப்பட்டது.

சிறிய மாற்றம்போல் தோன்றினாலும் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. "என் பேரனைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு" என்பது ஒன்று. "என் பேரனுக்குப் பாட்டி வேண்டும்" என்பது வேறொன்று. நீதிமன்றங்கள் இரண்டாவதற்கே செவிசாய்க்கின்றன.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்காவில் 1966-இல் நியூயார்க் மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2000-ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் இத்தகைய சட்டம் இருந்தது. அவ்வாண்டு சூன் 5-ஆம் நாள், டிராக்சல் எதிர் கிரான்வில் என்னும் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாசிங்டன் மாநிலத்தில் 1993-இல் தந்தை இறந்துபோன இரு சிறுமியரைப் பற்றிய வழக்கு அது. தந்தையைப் பெற்றவர்கள், மாதத்தில் இரண்டு வார இறுதிகளும் கோடையில் இரண்டு வாரங்களும் பேத்திகள் தம்மிடம் தங்க வேண்டும் என்று கேட்டனர். மாதம் ஒரு நாள் வந்து போகட்டும், இரவில் தங்க வேண்டாம் என்றார் தாய். கீழ் நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதியும் கோடையில் ஒரு வாரமும் வழங்கியது; தாத்தா பாட்டியின் பிறந்த நாள்களில் நான்கு மணி நேரத்தையும் சேர்த்தது. ஆனால், வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தாயே வென்றார். பிள்ளையை முறையாக வளர்க்கும் பெற்றோரின் முடிவுக்குத் தனி மதிப்பு அளிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. தாய் உறவை மறுக்கவில்லை, அளவைத்தான் குறைத்தார் என்பதும் அங்கு எடுத்துக்காட்டப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 88-ஆம் பிரிவு, பராமரிப்பு உரிமையை முடிவு செய்கையில் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்ற அனுமானத்தையும் அது வைத்திருக்கிறது. தக்க சான்று காட்டி இதனை மறுக்கலாம்.

நம் கேள்விக்கான விடை 89-ஆம் பிரிவில் உள்ளது. இறந்துபோன அல்லது பராமரிப்பு உரிமையை இழந்த பெற்றோரின் குடும்பத்தினரைக் குழந்தை சென்று காணவும், அவர்கள் குழந்தையை வந்து காணவும், நியாயமான நேரத்தை வரையறுத்து நீதிமன்றம் ஆணையிடலாம். 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் தாத்தா பாட்டியும் அடங்குவர். ஆனால், 'ஆணையிடலாம்' என்பதே சட்டத்தின் சொல்; 'ஆணையிட்டே ஆகவேண்டும்' என்பதன்று. பின்னாளில் சூழ்நிலை பெரிதும் மாறினால் ஆணையை மாற்றக் கோரவும் 96-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இந்தியா காட்டும் இரு பாடங்கள்

கோவிட் பெருந்தொற்றில் 2021-இல் அகமதாபாத்தில் ஒரு சிறுவன் தாய் தந்தை இருவரையும் இழந்தான். குசராத் உயர்நீதிமன்றம் அவனைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்தது. அவர் வயதில் இளையவர், அரசுப் பணியில் இருப்பவர். தந்தைவழித் தாத்தாவுக்கு வயது 71, பாட்டிக்கு 63. எனினும், முதுமையையும் வருமானத்தையும் மட்டும் கொண்டு அன்பை அளக்கலாகாது என்று கருதிய இந்திய உச்ச நீதிமன்றம், 2022 சூன் 9-ஆம் நாள் சிறுவனைத் தாத்தா பாட்டியிடம் வழங்கியது.

2025 சனவரியில் அதே நீதிமன்றத்தின் முன் வேறொரு பாட்டி நின்றார். மறைந்த மகனின் பிள்ளையைத் தம்மிடம் தரக் கேட்டார். குழந்தைக்கு அவர் அறிமுகமற்றவராகவே இருக்கிறார் என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். குழந்தை தாயிடமே இருந்தது.

இரண்டு பாட்டிகளின் கண்ணீருக்கும் எடையில் வேறுபாடில்லை. ஆயினும், பிள்ளை அறிந்த முகத்துக்கும் அறியாத முகத்துக்கும் நீதிமன்றத்தில் பெரும் வேறுபாடு உண்டு.

நாம் கற்க வேண்டியவை

தாத்தா பாட்டியரே, காலம் தாழ்த்தாதீர்கள். 'கோபம் தணியட்டும்' என்று மூன்றாண்டு காத்திருந்தால் மருமகளின் கோபம் தணியலாம். பேரப்பிள்ளையின் நினைவும் தணிந்துவிடும். முதலில் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ நாடுங்கள். பிள்ளையின் முன்னால் அதன் தாயையோ தந்தையையோ பழித்துப் பேசாதீர்கள். அதைவிட உங்கள் உறவுக்குக் கேடு வேறில்லை.

பெற்றோரே, உங்கள் இல்லறம் முறிந்திருக்கலாம். பிள்ளையின் வேர் முறிய வேண்டியதில்லை. அளவை நீங்கள் வரையறுக்கலாம். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், உறவு உயிரோடிருக்கும்.

ஆசிரியர்களே, நாம் நீதிபதிகள் அல்லர். ஆணை இருந்தால் அதன் படியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்; உரியவரின் இசைவின்றிப் பிள்ளையை எவரிடமும் அனுப்பாதீர்கள். அதே வேளையில், 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எழுதத் தெரியாமல் அது அமர்ந்திருக்கவில்லை.