1864: மூன்று பெயர்கள், ஒரு குடும்பம்

மாவனல்லைப் பக்கம் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளையிடமும் உத்துவன்கந்தை மலையைக் காட்டி, "அங்க யார் இருந்த?" என்று கேட்டுப் பாருங்கள். "சரதியேல்" என்று உடனே பதில் வரும். நமது பிள்ளைகள் என்றால், "கூட நம்மட மம்மலி மரைக்காரும் இருந்த" என்று சேர்த்துச் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அதே காலத்தில் கண்டியில் வாழ்ந்த இன்னொரு முஸ்லிமின் பெயரை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கொழும்பு - கண்டி வீதியில் சாமான் ஏற்றிப் போன வண்டிகளை வழிமறித்த சரதியேலின் கூட்டத்தில் மம்மலி மரைக்கார் நெருங்கிய கூட்டாளி. 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கச் சென்ற பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு விழுந்தது. அதில் கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். அவர் மலாய் முஸ்லிம். இலங்கைப் பொலிஸில் கடமையின்போது உயிர்நீத்த முதல் ஆளாக அவரைக் கருதி, இன்றும் மார்ச் 21ஐப் பொலிஸ் வீரர்கள் தினமாக நினைவுகூருகிறார்கள். பிடிபட்ட சரதியேலும் மம்மலி மரைக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, 1864 மே 7ஆம் திகதி அங்கேயே தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே 1864இல், அதே கண்டியில், 26 வயது இளைஞர் ஒருவர் உயர் நீதிமன்றப் புரொக்டராக உயர்ந்தார். அவர்தான் முஹம்மது காசிம் சித்திலெப்பை. அந்த வழக்கோடு அவரை முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆண்டு ஒன்று, ஊர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ஒரே சமூகத்தைச் சேர்ந்த மூவர் சட்டத்தின் முன் நின்ற இடங்களைப் பாருங்கள். ஒருவர் குற்றவாளிக் கூண்டில். ஒருவர் சட்டத்தின் பேரால் உயிர்விட்டு மண்ணறையில். ஒருவர் சட்டப் புத்தகத்தோடு.

மூன்றாமவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது? குடும்பம் என்பதே எனது பதில்.

1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்த சித்திலெப்பையின் தகப்பனார் முஹம்மது லெப்பை, 1833இல் சத்தியப்பிரமாணம் செய்த, இலங்கையின் முதல் முஸ்லிம் புரொக்டர் என்று அறியப்பட்டவர். தொழிலும் நூல்களும் அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தன. அரபும் தமிழும் ஆங்கிலமும் மகனுக்குக் கைவந்தன. 1862இல் மாவட்ட நீதிமன்றப் புரொக்டரானார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். பதில் நீதவானாகவும் கடமையாற்றினார். கோப்பி செழித்த காலத்துக் கண்டியில் ஒரு வழக்கறிஞருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வீடு, வாசல், மரியாதை என்று இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவர் அப்படி இருந்துவிடவில்லை. 1882 டிசம்பர் 21ஆம் திகதி 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். கோப்பிச் செடிகளை நோய் அழித்து, தோட்டங்களும் அவற்றை நம்பிய கடைகளும் ஆட்டம் கண்டிருந்த காலம் அது. மறுமாதம் எகிப்தின் உராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய நட்பு சித்திலெப்பைக்குப் பெரும் பலமானது. 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகளில் வந்த நாவல் இது. வருமானம் தந்த தொழில் பின்னுக்குப் போக, எழுத்தும் பாடசாலையும் முன்னுக்கு வந்தன.

பாடசாலை விடயத்தில் அவர் பட்ட பாடு சாதாரணமல்ல. அந்நாளில் ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அது வெறும் மூடத்தனமான பயம் என்று நான் சொல்லமாட்டேன். சித்திலெப்பையும் அப்படி ஒதுக்கிவிடவில்லை. பயத்துக்குப் பரிகாரம் நமது பாடசாலையை நாமே நடத்துவது என்றார். 1884இல் கொழும்பில் அவர் முன்னின்று தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. மனம் தளராமல், உராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் துணையுடன் 1892இல் மருதானையில் மீண்டும் தொடங்கினார். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான்.

ஆனால் என் மனதில் அதைவிடப் பெரிதாக நிற்பது 1891இல் கண்டியில் அவர் திறந்த பெண்கள் பாடசாலை. அதை நடத்தும் பொறுப்பைத் தனது சகோதரி முத்து நாச்சியாவிடம் கொடுத்தார். ஊருக்கு உபதேசம் சொல்லும் பலர் தம் வீட்டுக் கதவை மூடி வைத்திருந்த காலத்தில், இவர் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த கல்வி அண்ணன் தங்கைகளுக்குள் பகிரப்பட்டு, ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சித்திலெப்பையைக் குடும்பத் தலைவர் என்று நான் மதிப்பது இதனால்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வாப்பாவுக்குக் கேகாலை மாவட்டத் தோட்டமொன்றின் பக்கத்தில் சில்லறைக் கடை. கணக்குப் புத்தகம் தமிழில் எழுதுவார். ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது. 1950களில் ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசித்துக் காட்ட ஆள் கிடைத்தபோது தவணைத் திகதி போய்விட்டது. தண்டப் பணம் கட்ட வேண்டி வந்தது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டிருந்த என் ராத்தா அன்று ஒரு வார்த்தை சொன்னா: "என்னப் படிக்க வெச்சிருந்தா நானே வாசிச்சிருப்பனே வாப்பா." வாப்பா பதில் பேசவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவ அவ. "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு காணும்" என்று நிறுத்தியது வாப்பாதான். முத்து நாச்சியா கண்டியில் வகுப்பறைக்குள் நுழைந்து அறுபது வருடங்கள் கழிந்தும், கடுகண்ணாவைக் கணவாய்க்கு இப்பால் எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கவில்லை.

சித்திலெப்பை 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறையுமுன் வபாத்தானார். 1977இல் அவரது நினைவாக முத்திரை வெளியானது. கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. நல்லது. ஆனால் முத்திரையும் பெயர்ப்பலகையும் மட்டும் அவரது சொத்து அல்ல. நீதிமன்றக் கடிதத்தைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் ஒவ்வொரு முஸ்லிம் பெண்ணும் அவரது சொத்து.

சப்ரகமுவவில் நமது ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. தோட்டப் பாதைகளின் ஓரத்தில் பத்து இருபது வீடுகள், ஒரு தக்கியா, ஒரு சிறிய பாடசாலை. அந்தப் பாடசாலை முடியும் வகுப்போடு பிள்ளையின் படிப்பும் முடிய வேண்டுமா, அல்லது டவுனுக்கு பஸ் ஏற்றி அனுப்புவதா என்பதை இன்றும் வீட்டுப் பெரியவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பையன் என்றால் ஒரு தீர்ப்பு, பெண் பிள்ளை என்றால் வேறு தீர்ப்பு என்பது பல வீடுகளில் இன்னும் மாறவில்லை.

உத்துவன்கந்தையைத் தாண்டும்போது பிள்ளைகளுக்கு மம்மலி மரைக்காரின் கதையைச் சொல்லுங்கள். அதுவும் நமது வரலாறு. சபானின் பெயரையும் சொல்லுங்கள். கண்டி போய்ச் சேருமுன் சித்திலெப்பையையும் முத்து நாச்சியாவையும் பற்றிச் சொல்லி முடித்துவிடுங்கள். பஸ்ஸில் அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.