குளிர்மேட்டிலிருந்து சேதுக்கரைக்கு

மார்கழி மாதத்தில் ஓசூரின் விடியற்காலையைக் கண்டவர்களுக்கு, அவ்வூரார் ஏன் கடற்கரையை நினைத்து ஏங்குகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பில் அமர்ந்திருக்கும் அந்த நகரத்தில், எல்லைச் சாவடி தொடங்கிச் சிப்காட் தொழிற்பேட்டை வரையில் பனிமூட்டம் இறங்கியிருக்க, ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகக் கம்பெனி பஸ்ஸுக்காகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே வேளையில் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இராமேசுவரத் தீவில் இருப்பவனுக்குக் கம்பளி என்று ஒரு பொருள் உலகத்தில் உண்டென்பதே ஞாபகத்திற்கு வராது. ஆகவே டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், தேநீர் இடைவேளைகளில் வேன் வாடகையைப் பற்றியும், எத்தனை குடும்பம் சேரும் என்பதைப் பற்றியும் பேச்சு எழுவது இந்த வட்டாரத்தின் வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கம் பெங்களூரின் கணிப்பொறி உத்தியோகஸ்தர்களைப் பார்த்து நேற்று கற்றுக்கொண்ட நாகரிகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. குளிர்காலத்தில் இந்த மேட்டு நிலத்தை விட்டு வெதுவெதுப்பான ஒரு தீவை நாடிப் போவது இங்கே மிகப் பழைய பழக்கம். அதற்கு நாள் குறித்துக் கொடுப்பவர்தாம் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறார்களேயன்றி, பிரயாணம் மாறவில்லை.

சரித்திரத்தில் இவ்வூரின் குளிர்ச்சிக்கு ஏற்பட்ட மதிப்பு நேர் எதிரான திசையிலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிப் பிரதேசம் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு மாறிற்று. அதற்கு மேற்கே மேட்டின்மீதுள்ள ஓசூர்ச் சீமையோ 1799-இல் சுல்தான் வீழ்ந்த பிறகே அவர்களுக்குக் கிட்டியது. கிட்டியதும் அதன் சீதோஷ்ணத்தைக் கண்டு வெள்ளைக்காரர்கள் மயங்கிவிட்டார்கள். 1824-இல் படைக் குதிரைகளுக்காக ஒரு பண்ணையை இங்கே நிறுவினார்கள். அது இன்றளவும் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. பக்கத்திலுள்ள தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொண்டாடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராயிருந்த பிரெட் என்பவர், தம் நாட்டுக் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் ஓசூரில் ஒரு மாளிகையையே எழுப்பினார். அந்த மாளிகை நிலைக்கவில்லை, சிதைந்துபோயிற்று. சென்னையின் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்த துரைமார்களுக்கு எது சுவர்க்கமாகத் தோன்றிற்றோ, அதை விட்டுத்தான் அவ்வூர்க் குடியானவன் தை மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

அவன் புறப்பட்டது சேது ஸ்நானத்துக்கு. பிதுர்க் கடன் தீர்க்கத் தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் உகந்த நாட்களாயினும், ஆடியில் ஏரும் விதைப்பும் குடியானவனை வயலை விட்டு நகர விடா. தையிலோ அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருக்கும். கையில் நாலு காசு நடமாடும். ஓடைகளில் வெள்ளம் வற்றியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் தீவை விட்டு ஒருவாறு விலகியிருக்கும். புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி சொன்னார் என்பது மேலுக்குத் தெரியும் காரணம். அந்தத் திதி வந்து விழுந்த பருவமோ உழவனுக்கும் மாட்டுக்கும் வழிக்கும் கடலுக்கும் ஒருங்கே இசைந்ததாயிருந்தது. அக்காலத்துப் பிரயாணத் திட்டம் முழுவதும் அந்த ஒரு திதிக்குள் அடங்கிவிட்டது.

வழியும் புதிதன்று. வடநாட்டிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் இன்றைய 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை என்று இறங்குகிறதல்லவா? அத்திசையிலேதான் இந்த மேட்டு நிலத்து யாத்திரிகனும் மலைச்சரிவில் சூளகிரியைக் கடந்து, மாந்தோப்புகள் பூத்துக்கொண்டிருக்கும் கிருஷ்ணகிரித் தாழ்விலே கம்பளியைக் களைந்து, சேலத்தையும் மதுரையையும் தாண்டி மறவர் சீமைக்குள் பிரவேசித்தான். இராமநாதபுரத்து மன்னர்கள் தங்களைச் சேதுபதிகள் என்று அழைத்துக்கொண்டதே அவ்வழியின் காவலை ஏற்றதனால்தான்; யாத்திரிகர்களுக்காக அவர்கள் கட்டிவைத்த சத்திரங்களும் மடங்களும் பல. தீவுக்குள்ளே தங்கச்சிமடம், அக்காமடம், முகுந்தராயர் சத்திரம் என்ற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. காசிக்குப் போவோர் சேதுவின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தாலொழிய யாத்திரை பூர்த்தியாகாது என்ற நம்பிக்கையினால், தெலுங்கும் கன்னடமும் மராத்தியும் பேசுவோர் இவ்வழியே இடையறாது வந்துகொண்டிருந்தார்கள். ஓசூர் வட்டாரத்தில் இம்மொழிகள் யாவும் வீட்டு வாசலில் புழங்குபவையாதலால், வழித்துணை தேடி எவரும் அலைய வேண்டியதில்லை.

மண்டபத்துக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாம்பன் கால்வாயைத் தோணியில் கடக்க வேண்டியிருந்தது. கடலையே பார்த்தறியாத மேட்டு நிலத்தானுக்கு அதுவே யாத்திரையின் பெரிய பரீட்சை. காசிக்கோ சேதுவுக்கோ புறப்படுகிறவர்கள் சொத்து விவகாரங்களை ஒழுங்கு செய்து, உறவினரிடம் விடைபெற்றுக்கொண்டே கிளம்புவார்கள் என்று நாம் கேள்விப்படுவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

இருப்புப்பாதை வந்து அச்சத்தைக் குறைத்தது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் நேரே தீவுக்குள்ளேயே நுழைந்தது. நூற்று நாற்பத்தைந்து கண்களோடு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே எழும் அந்தப் பாலத்தைக் காண்பதற்கென்றே பிரயாணம் செய்தவர்களும் உண்டு. ஓசூர்க்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு சிறு ரயில் வாய்த்தது. பஞ்ச நிவாரணத்தை உத்தேசித்து மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் போடப்பட்ட குறுகிய பாதையைச் சில ஆண்டுகளில் ஓசூர் வரை நீட்டினார்கள். வருமானம் போதாமையால் அந்தப் பாதை 1941-இல் கைவிடப்பட்டது. அது இருந்த வரையில், ஓசூரில் பெட்டியேறி மொரப்பூரில் பெரிய வண்டிக்கு மாறி, தண்டவாளத்தின்மீதே சேதுவை அடைந்துவிடலாம் என்ற சௌகரியம் இருந்தது. பஞ்சாங்கத்தின் பக்கத்தில் இப்போது ரயில்வே கால அட்டவணையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே தண்டவாளத்தில் வேறு வகையான தீவுப் பிரயாணிகளும் சென்றார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கடலில் சுமார் 35 கிலோமீட்டர்தான்; போட் மெயில் ரயிலில் வந்து இறங்கினால் நீராவிக் கப்பல் காத்திருக்கும். சேலம், திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய கூலியாட்கள் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, அம்மையும் வாந்திபேதியும் இல்லையென்று பரீட்சிக்கப்பட்ட பிறகு அக்கப்பலில் ஏற்றப்பட்டார்கள். இதமான வெயிலை நாடி அவர்கள் போகவில்லை. இலங்கையின் குளிர்ந்த மலைகளிலே தேயிலை கிள்ளுவதற்குப் போனார்கள். ஒரே பாலத்தில், ஒரே ரயிலில், ஒருவனுக்கு யாத்திரையும் இன்னொருவனுக்கு வயிற்றுப்பாடும் சென்றன. பிற்காலத்தில் அதே மண்டபம் முகாம் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இருப்பிடமாயிற்று. தீவு என்றால் உல்லாசம் என்று மட்டும் அறிந்தவர்கள் அந்த முகாமின் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் நடந்தது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்ததே. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, நிலையத்தை எட்டும் தறுவாயில் கடலால் விழுங்கப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. தனுஷ்கோடி என்ற துறைமுக நகரம் அன்றோடு அழிந்து, மனிதர் வசிக்கத் தகாத இடமென்று அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. பாம்பன் பாலத்தின் கண்கள் மிகப் பல அடித்துச் செல்லப்பட்டன, ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரின் மேற்பார்வையில் நாற்பத்தாறே நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. நம்முடைய விஷயத்துக்கு இதில் முக்கியமானது அந்தத் தேதிதான். மார்கழியில், வடகிழக்குப் பருவம் முற்றும் ஓயாத காலத்தில் வங்கக் கடலை நம்பலாகாது என்பதைத் தையைத் தேர்ந்தெடுத்த முன்னோர் உணர்ந்திருந்தார்கள். டிசம்பர் இறுதி வாரத்தைத் தேர்ந்தெடுக்கும் நாம் அதை மறந்துவிட்டோம்.

ஏன் மறந்தோம் என்பதற்கு ஓசூரின் பிற்காலச் சரித்திரமே விடை. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டையை அமைத்த பிறகு, 1980-இல் அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ். 50 மொபெட்டும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரமும் இந்த மண்ணிலிருந்து வெளிவரலாயின. மானாவாரிக் கேழ்வரகை நம்பியிருந்த ஊருக்கு நாலாபுறமிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். களம் ஓய்ந்தால் ஓய்வு என்ற நிலை போய், சட்டம் தரும் ஓய்வு என்ற நிலை வந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவனுக்கு அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு கூடிய விடுப்பைக் கொடுத்தது. 1958-இல் இம்மாநிலத்தில் இயற்றப்பட்ட தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தேசிய தினங்களோடு ஐந்து பண்டிகை நாட்களையும் உறுதிசெய்கிறது. ஆண்டு இறுதியில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதற்காகச் சில ஆலைகள் சில தினங்கள் கதவடைக்கின்றன; பள்ளிக்கூடங்களுக்கும் அப்போது அரையாண்டு விடுமுறை. புரோகிதரின் இடத்தில் மனிதவள அதிகாரி உட்கார்ந்தார். திதியின் இடத்தில் நோட்டீஸ் பலகையில் ஒட்டிய விடுமுறைப் பட்டியல் வந்தது. அப்பட்டியலைத் தயாரிப்பவருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?

இன்னொரு சட்டமும் இந்தத் தீவுப் பிரயாணத்தை உருவாக்கியிருக்கிறது. நான்கு ஆண்டுத் தொகுதி ஒன்றில் இரண்டு முறை, ஊழியர் தம் குடும்பத்தோடு செல்லும் பிரயாணக் கட்டணத்துக்குப் பழைய வரி முறையில் வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது இந்தியாவுக்குள் செல்லும் பிரயாணத்துக்கே செல்லும். மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் பெங்களூரிலிருந்து விமானம் இருந்தும், நிரந்தரத் தொழிலாளி அந்தமானையோ இராமேசுவரத்தையோ நாடுவதற்கு இதுவும் ஒரு ஹேது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை எட்டுவது அரிது. அவனும் போகிறான், ஐயப்பனுக்கு மாலையிட்டுச் சபரிமலை சென்று திரும்பும் வழியில் கன்னியாகுமரியையும் இராமேசுவரத்தையும் சேர்த்து, வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வழியில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு வருகிறான். இரண்டில் எது பழைய யாத்திரைக்கு நெருங்கிய வாரிசு என்று என்னைக் கேட்டால் அந்த வேனைத்தான் காட்டுவேன்.

வேன் தீவுக்குள் நுழைய முடிந்தது 1988 அக்டோபர் 2 முதல்தான். அன்றுதான் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அது முதல் ஓசூரில் இரவு புறப்பட்டவன் மறுநாள் காலையில் அக்னி தீர்த்தத்தில் தலை முழுகலானான். ஈரத் துணியோடு கோயிலுக்குள் ஓடினால், கிணற்று மேட்டின்மீது நிற்கும் ஆள் கயிற்றில் கட்டிய வாளியை விட்டு மொண்டு, வரிசையில் நிற்பவர் தலையில் மடேரென்று கொட்டுவான். இருபத்திரண்டு தீர்த்தம் முடிவதற்குள் பிரகாரத்துக் கல்தளம் முழுவதும் நீர் வழிந்து கால் வழுக்கும். ஒரு கிணறு கரிக்கும், அடுத்தது இனிக்கும். குழந்தைகளுக்கு இது தெய்விகமோ விளையாட்டோ, பிரித்தறிய முடியாத குதூகலம். பெரியவர்கள் பிண்டம் போட்டு முடித்த மறுகணம் சங்கு மாலை பேரம் பேசுகிறார்கள். பக்தியையும் உல்லாசத்தையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைப்பது நம்மவர் வழக்கமன்று. ஆகவே கடற்கரை விடுமுறை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் பழமைவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2017-இல் அரிச்சல்முனை வரையில் சாலை வந்த பிறகு, அழிந்த தனுஷ்கோடியே காட்சிப் பொருளாகிவிட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டு, நடுக்கண் செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. போகும் வசதிக்கு இனிக் குறைவில்லை. குறைவெல்லாம் பருவ ஞானத்தில்தான்.

ஆகையால் இவ்வருஷம் நாள் குறிக்கப்போகும் ஓசூர், கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. டிசம்பர் கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள். அப்போது அறை வாடகை ஏறியிருக்கும், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகியிருந்தாலும் வியப்பில்லை. பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சம்பள விடுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாமென்றால் தை அமாவாசையைத் தவிர்த்து, அதற்கு முன்னோ பின்னோ செல்லுங்கள். திதி கொடுக்க வேண்டியவர்கள் அந்த நாளிலேயே சென்று நெரிசலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையில், உள்ளூர் மீனவர் ஆண் கடல் என்றும் பெண் கடல் என்றும் பெயரிட்டிருக்கும் இரண்டு கடல்களும் மோதும் இடத்தில் நீரோட்டம் கொடியது; அங்கே குளிப்பதற்கு இறங்காதீர்கள். குளிப்பதற்கு அக்னி தீர்த்தம் இருக்கிறது.