பள்ளிக்கூடக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

1/
ஒரு சின்னக் கேள்வி. உங்க பிள்ளையோட வகுப்பறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா? பள்ளியோட மெயின் கேட்டை 10 மணிக்கு மேல பூட்டுவாங்களா? பூட்டினா சாவி யார்கிட்ட இருக்கும்?

பெரும்பாலான பெற்றோருக்குப் பதில் தெரியாது. ஆனா இந்தக் கேள்விகளுக்குப் பின்னால 120 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரம், விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான மேஜிக் ஷோ. கடைசியில, குறிப்பிட்ட எண் உள்ள டிக்கெட் வச்சிருக்கிற பிள்ளைகளுக்கு வெளியே போகும்போது பரிசு உண்டுன்னு அறிவிச்சாங்க. கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்கு மேடையிலிருந்தே பொம்மை கொடுக்க ஆரம்பிச்சாங்க. மாடியில சுமார் 1,100 குழந்தைகள். நமக்குக் கிடைக்காம போயிடுமோன்னு எல்லாரும் படிக்கட்டுல ஓடினாங்க.

3/
படிக்கட்டின் அடியில ஒரு கதவு. உள்பக்கமாத் திறக்கும் கதவு. ஒரு நேரத்துல ஒரு பிள்ளை மட்டும் போற அளவுக்கு இடைவெளி விட்டுத் தாழ் போட்டிருந்தாங்க. முன்னால வந்தவங்க அங்கே மாட்டிக்கிட்டாங்க. பின்னால வந்தவங்களுக்கு அது தெரியல. 183 குழந்தைகள் இறந்தாங்க. வயது 3 முதல் 14 வரை.

கவனிங்க: அங்கே தீ இல்ல, புகை இல்ல. பொம்மை வாங்க ஓடின பிள்ளைகள், அவ்வளவுதான்.

4/
இதை நாம 'மிதிபட்டு இறந்தாங்க'ன்னு சொல்றோம். மருத்துவரீதியா பெரும்பாலும் அது சரியில்ல. இந்த மாதிரி நெரிசலில் ஆட்கள் நின்ன நிலையிலேயே இறந்துபோவாங்க. மூச்சு இழுக்கணும்னா மார்புக்கூடு விரியணும். நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தும்போது அது விரியாது. சில நிமிஷங்கள்தான். குழந்தையின் விலா எலும்பு வளையக்கூடியது, அதனால இன்னும் சீக்கிரம் நடக்கும்.

5/
இதுக்கப்புறம்தான் பொது அரங்குகள்ல போதுமான வாசல்கள் இருக்கணும், அவை வெளிப்பக்கம் திறக்கணும்னு பிரிட்டனில் சட்டம் வந்துச்சு. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892-ல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. உள்ளேயிருந்து தள்ளினாலே திறந்துக்கும். சினிமா தியேட்டர், மால்ல அவசர வழிக் கதவின் குறுக்கே ஒரு நீளக் கம்பி பார்த்திருப்பீங்களே, அதோட முன்னோடி.

6/
அந்தக் கம்பி பரவலானதுக்கு இன்னொரு சாவுக் கணக்கு தேவைப்பட்டது. 1903 டிசம்பர் 30, சிகாகோ, இராக்வாய் தியேட்டர். விடுமுறை நாள் மதியக் காட்சி, கூட்டத்துல பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தீப்பிடிச்சப்போ பல வாசல்கள் திறக்கல. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அந்தக் காட்சிக்கு டிக்கெட் வச்சிருந்தும் வேலை காரணமாப் போகாம தப்பிச்ச கார்ல் பிரின்ஸ்லர் ஒரு ஹார்ட்வேர் வியாபாரி. அவரும் கூட்டாளிகளும் 1908-ல் அந்த மாதிரிக் கம்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க.

7/
இங்கே ஒரு விஷயம். இந்தக் கதவுகளை யாரும் கெட்ட எண்ணத்தில் பூட்டல. ஒருத்தருக்கு டிக்கெட் சரிபார்க்கணும், இன்னொருத்தருக்கு ஓசியில உள்ளே வர்றவங்களைத் தடுக்கணும். நம்ம பள்ளிகள்லயும் அப்படித்தான். வெளியாள் உள்ளே வரக்கூடாது, பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடிடக்கூடாது. நியாயமான காரணம்தான். ஆனா அந்த நியாயமான காரணமே இன்னொரு நாள் ஆளைக் கொல்லும். வெளியே பூட்டு, உள்ளே தள்ளினா திறப்பு என்ற அந்தக் கம்பி ரெண்டு பயத்துக்கும் சேர்த்துச் சொன்ன பதில்.

8/
சரி, கதவு சரியா இருந்தா போதுமா? அதே 1908, மார்ச் 4. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், காலின்வுட், லேக் வியூ பள்ளி. 172 குழந்தைகள், 2 ஆசிரியைகள், காப்பாற்ற உள்ளே போன ஒருவர் இறந்தாங்க. கதவு உள்பக்கம் திறந்ததால்தான்னு ரொம்ப காலம் பேசினாங்க. விசாரணையில தெரிஞ்சது வேற: கதவுகள் வெளிப்பக்கமாத்தான் திறந்தன. கதவுக்கு உள்ளே இருந்த தடுப்பு வழியைக் குறுக்கி, பிள்ளைகள் அங்கே ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து சிக்கிட்டாங்க.

9/
இன்னும் வேதனையான விஷயம், அந்தப் பள்ளியில தீ ஒத்திகை நடந்துகிட்டுதான் இருந்துச்சு. மணி அடிச்சா வரிசையா முன்வாசல் வழியா இறங்கணும்னு பிள்ளைகளுக்குப் பழக்கம். அன்னைக்குத் தீ பிடிச்சதே முன்படிக்கட்டுக்குக் கீழே. பழகின வழி அடைபட்டதும் பின்வாசலுக்குத் திரும்பி ஓடினாங்க. அங்கேதான் நெரிசல்.

ஒரே வழியை மட்டும் பழக்குற ஒத்திகை பாதி ஒத்திகைதான்.

10/
அடுத்து 1958 டிசம்பர் 1, மறுபடியும் சிகாகோ. அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளி. 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தாங்க. படிக்கட்டின் அடித்தளத்தில் தொடங்கிய தீ. கீழ்த்தளத்துல படிக்கட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவே தீத்தடுப்புக் கதவு மூடியிருந்துச்சு, அங்கே புகை போகல. மேல்தளத்துல அப்படி ஒரு கதவே இல்ல. படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆகி, புகை மொத்தமும் மேல் வராந்தாவில் நிரம்பிடுச்சு.

11/
அந்தப் பள்ளி அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் தீயணைப்புத் துறை ஆய்வில் பாஸ் ஆகியிருந்துச்சு! எப்படி? 1949-ல் வந்த புதிய பாதுகாப்பு விதிகள் புதுக் கட்டடங்களுக்கு மட்டும். பழைய கட்டடத்துக்கு விலக்கு. அபாய மணி சுவிட்ச் சுமார் 6 அடி உயரத்தில். தீயணைப்பான் 7 அடி உயரத்தில். மணி அடிச்சாலும் பள்ளிக்குள்ள மட்டும்தான் கேட்கும், தீயணைப்பு நிலையத்தோட இணைப்பு இல்ல. கருவி எல்லாம் இருந்துச்சு. கைக்கு எட்டற இடத்துல இல்ல.

12/
இதன் பிறகு அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் சுமார் 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் விதிகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டதா மதிப்பிட்டாங்க. 1959-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை எடுத்து, வேணும்னே தீ வச்சு அளந்து பார்த்தது. கிடைச்ச முக்கியமான பதில்: உயிருக்கு முதல் ஆபத்து வெப்பம் இல்ல, புகை. தீ எட்டிப் பார்க்கும் முன்னாடியே புகை வழியை அடைச்சிடுது.

13/
இது ஏன்? புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. அது நம்ம ரத்தத்தின் ஹீமோகுளோபினோட ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும். வாசனை கிடையாது. முதல்ல தலைவலி, குழப்பம், கால் தள்ளாட்டம். வழி தெரிஞ்ச பிள்ளையும் வழி தவறும். குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகல், சூட்டில் கொஞ்சம் வீங்கினாலே அடைச்சுக்கும். தோலும் மெல்லிசு, அதே சூடு பெரியவங்களைவிட ஆழமாச் சுடும்.

14/
இப்ப நம்ம ஊர். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம். தேதி சொன்னாலே தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரே கட்டடத்தில் மூணு பள்ளிகள். சமையல் கொட்டகையில பிடிச்ச தீ மேல் மாடிக் கூரைக்குப் பரவுச்சு. கீற்றுக்கூரை. எரிஞ்சு அப்படியே பிள்ளைகள் தலைமேல விழுந்துச்சு. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள்.

அப்போ தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் கூடக் கிடையாது. அது 2008-ல்தான் வந்துச்சு.

15/
மேல இருக்கிற வரலாற்றோட வச்சுப் பாருங்க. 1883-ல் வாசல், 1908-ல் ஒத்திகை, 1958-ல் படிக்கட்டும் விதிவிலக்கும். அத்தனை பாடமும் 2004-க்கு முன்னாடியே உலகத்துக்குத் தெரியும். கும்பகோணத்தில் புதுசா எந்த அறிவியலும் தேவைப்படல. தெரிஞ்சதைச் செய்ய ஆள்தான் தேவைப்பட்டாங்க.

16/
பிறகு நடந்தது: பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற உத்தரவு. நீதிபதி சம்பத் ஆணையம். 10 வருஷம் கழிச்சு, 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள்னு சொல்லி, 11 பேரை விடுவிச்சது. பெற்றோர் இன்னைக்கும் ஒவ்வொரு ஜூலை 16-லும் அந்தப் பள்ளி முன்னாடி வந்து மெழுகுவத்தி ஏத்துறாங்க.

17/
இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. கும்பகோணத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டாங்க. அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கு. 2009 ஏப்ரல் 13-ல் தீர்ப்பு. கல்வி உரிமைன்னா பாதுகாப்பான பள்ளியில் படிக்கிற உரிமையும் சேர்த்துதான்னு நீதிமன்றம் சொன்னது. தீயணைப்புக் கருவி இருக்கணும், அதைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேணும், கட்டடம் தேசியக் கட்டட விதிகளுக்கு உட்பட்டு இருக்கணும். அரசு, தனியார் எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும். ஆக, நாம கேட்கப்போறது சலுகை இல்ல, உரிமை.

18/
கருவி முக்கியமா, பயிற்சி முக்கியமான்னு கேட்டா, 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமியில ரெண்டு இடங்களைப் பாருங்க.

கமைஷி நகரம். அங்கே பேராசிரியர் தொஷிதகா கதாதா பல வருஷமா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். வரைபடத்தை அப்படியே நம்பாதே, அந்த நேரத்தில் முடிஞ்ச அளவு மேலே போ, மத்தவங்களுக்காகக் காத்திருக்காம முதல் ஆளா ஓடு. இதுதான் பாடம்.

19/
அங்கே ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் நிலநடுக்கம் நின்னதும் மைக் அறிவிப்புக்குக் காத்திருக்காம ஓடினாங்க. பக்கத்துத் தொடக்கப் பள்ளி அவங்களைப் பார்த்துப் பின்னாலயே ஓடுச்சு. முதல்ல குறிச்ச இடத்துக்குப் போனாங்க, அது பத்தாதுன்னு பட்டதும் இன்னும் மேலே ஏறினாங்க. நகரத்தின் சுமார் 3,000 மாணவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் பிழைச்சாங்க.

20/
அதே நாள், இஷினொமாகியில் ஒகாவா தொடக்கப் பள்ளி. பள்ளிக்குப் பின்னாலயே மலை. எங்கே போறதுன்னு முடிவெடுக்காம சுமார் 50 நிமிஷம் மைதானத்திலேயே நின்னாங்க. பள்ளிக் கையேட்டில் இடத்தின் பெயர் போடாம காலி இடம், பூங்கான்னு பொதுவா எழுதியிருந்துச்சு. 74 குழந்தைகள், 10 ஆசிரியர்கள் போயிட்டாங்க. ஆசிரியர்கள் ஓடிப்போகல. பிள்ளைகளோடவேதான் இருந்தாங்க. நல்ல மனசு இருந்தும் பதில் தயாரா இல்ல. பெற்றோர் வழக்குப் போட்டு, 2019-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. முன்கூட்டித் திட்டமிடாததே தவறுன்னு ஆச்சு.

21/
இன்னைக்கு நம்ம பள்ளிகளில் சிசிடிவி இருக்கு, ஆப் இருக்கு, பஸ்ஸுக்கு ஜிபிஎஸ் இருக்கு. நல்லதுதான். ஆனா சிசிடிவி நடந்ததைக் காட்டும், கதவைத் திறக்காது. சுவத்துல தொங்குற தீயணைப்பானைக் கையில் எடுத்துப் பார்த்த ஆசிரியர் எத்தனை பேர்? சின்ன சிலிண்டர் பத்து இருபது வினாடிதான் பீய்ச்சும். அந்த நேரத்துல அதுமேல எழுதியிருக்கிறதைப் படிச்சுக்கிட்டு நிக்க முடியாது. பின்னை இழு, தீயின் அடியைக் குறி வை, பிடியை அழுத்து, இடவலமா வீசு. ஒரு தடவை கையால செஞ்சு பார்த்தா மறக்காது.

22/
பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நாலு விஷயம்:
புகை வந்தா குனிஞ்சு, தவழ்ந்து போ. நல்ல காற்று தரையோரம்தான் இருக்கும்.
மூடின கதவைப் புறங்கையால தொட்டுப் பார். சுட்டா திறக்காதே, வேற வழி பார்.
துணியில தீப்பிடிச்சா ஓடாதே. நில், படு, உருள். முகத்தைக் கையால மூடிக்கோ.
பெஞ்சுக்கு அடியிலயோ பாத்ரூமிலயோ ஒளியாதே. தேடுறவங்க கண்ணுக்குப் படாது.

23/
ஆசிரியர்களுக்கு: தீக்காயத்துல 20 நிமிஷம் ஓடும் சாதாரணத் தண்ணி. ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம், அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைக்கு இன்னொரு வேதனை. ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீங்க. காயம் பெரிசா இருந்தா பிள்ளைக்குக் குளிர் அடிக்காம மத்த உடம்பைப் போர்த்தணும். புகையில இருந்த பிள்ளை பார்க்க நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழிச்சுக்கூட வரும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எது வேணும்னாலும் 112.

24/
அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ மார்க் பத்திப் பேசி முடிச்ச பிறகு இந்த அஞ்சு கேள்வியையும் கேளுங்க. சண்டை வேண்டாம், சாதாரணமா கேளுங்க:
வகுப்பிலிருந்து வெளியேற ரெண்டாவது வழி எது?
பள்ளி நேரத்துல அந்த வழி பூட்டாம இருக்கா?
கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்துச்சு?
அதுல ஒரு வழியை அடைச்சு வச்சுப் பார்த்தீங்களா?
தலைமை ஆசிரியர் லீவுல இருந்தா மணி அடிக்கிற அதிகாரம் யாருக்கு?

25/
கடைசிக் கேள்விக்கு என் பதில்: புகையை முதல்ல பார்க்கிறவங்க யாரோ அவங்களுக்கு. அது சத்துணவு அக்காவா இருக்கலாம், ஆயாம்மாவா இருக்கலாம், நாலாம் வகுப்புப் பிள்ளையாக்கூட இருக்கலாம். பொய்யா ஒரு தடவை மணி அடிச்சா போறது ஒரு பீரியட்தான்.

மணியைப் பிள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல மாட்டச் சொல்லுங்க.