அவசர அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல்நலம் மீளல்: வரலாறு

குடல் அடைப்பு, குடலில் துளை, இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்கு நாள் குறித்துக் காத்திருக்க இயலாது. உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். இவ்வாறு சிகிச்சை பெறுவோரில் முதியோர் மிகுதி. அறுவை நன்றாக முடிந்த பின்னும் நிமோனியா, இரத்தக்கட்டு, மனக்குழப்பம், தசை மெலிவு ஆகியவற்றால் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் தரப்படும் கவனிப்பே இந்நிலையைப் பெரிதும் மாற்றியது.

படுக்கையிலிருந்து எழுப்புதல்

19ஆம் நூற்றாண்டில் வயிற்று அறுவை முடிந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே வழக்கம். எழுந்தால் தையல் பிரியும் என அஞ்சினர். சிகாகோவின் எமில் ரீஸ் 1899இல் இதை எதிர்த்து எழுதினார். அவர் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் படுக்கைகளும் செவிலியரும் போதாமல் போனபோதுதான் நோயாளியை விரைவில் நடக்கவைக்கும் முறை பரவியது.

முதியோர் மருத்துவம்

1935இல் இலண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன், தீராதவர்கள் எனக் கைவிடப்பட்ட முதியோரை ஆராய்ந்து, பயிற்சி தந்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். பின்னர் ஹேஸ்டிங்ஸ் நகரில் எலும்பு அறுவை மருத்துவர் மைக்கேல் டெவாசும் முதியோர் மருத்துவர் இர்வினும் ஒரே நோயாளியைச் சேர்ந்து கவனிக்கும் முறையை உருவாக்கினர். பிரிட்டனில் 2007இல் இடுப்பெலும்பு முறிவுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியது. 2010 முதல் 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவரின் கவனிப்பு ஆகியவற்றை நிறைவேற்றிய மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகை தரப்பட்டது. இங்கிலாந்தில் இம்முறிவுக்குப் பின் 30 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, 2007இல் 10.9 விழுக்காடாக இருந்து 2011இல் 8.5 விழுக்காடாகக் குறைந்தது.

வயிற்று அறுவை

டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990களில் வலி குறைப்பு, விரைவில் உணவு, விரைவில் நடை ஆகியவற்றை ஒருங்கிணைத்தார். இம்முறை முதலில் திட்டமிட்ட அறுவைகளுக்கே பயன்பட்டது. அவசர வயிற்று அறுவைக்கென 2013இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தேசியத் தணிக்கை தொடங்கியது. 30 நாள் இறப்பு முதலாண்டில் 11.8 விழுக்காடு, ஆறாம் ஆண்டில் 9.3 விழுக்காடு.

ஆனால் நெறிமுறைகளை வகுத்துக் கொடுப்பது மட்டும் போதவில்லை. 93 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 16,000 நோயாளிகளை உள்ளடக்கிய எப்போக் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. சிகிச்சையை மேம்படுத்தும் திட்டம் அறிமுகமான பின்னும் 90 நாள் இறப்பு குறையவில்லை. மாற்றங்களைச் செயல்படுத்தப் பணியாளர்களுக்குப் போதிய நேரமும் வசதியும் இல்லாதது ஒரு காரணமாகக் கருதப்பட்டது. தணிக்கையின் ஆறாம் ஆண்டிலும் முதியோரில் பெரும்பாலோரை முதியோர் மருத்துவர் வந்து பார்க்கவில்லை. எலும்பு முறிந்த முதியவருக்குக் கிடைத்த கூட்டுக் கவனிப்பு, குடல் அடைத்த முதியவருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.