பாய்ப்படகும் டீசல் எண்ணெயும்

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவின் எதிரே நங்கூரமிட்டு நிற்கும் சிறு பாய்ப்படகுகளை அந்நகரில் வாழும் தமிழன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். மாலையில் காற்று ஓய்ந்துவிட்டால், அவற்றுள் ஒன்று பாயைச் சுருட்டிக்கொண்டு, எஞ்சின் ஓசையோடு தன் இடம் நோக்கி மெல்ல வருவதுண்டு. காற்றை மட்டுமே நம்பியிருந்த மரக்கலத்தில் டீசல் எஞ்சின் இடம்பெற்ற வரலாறு சுவையானது. அது செலவிடும் எண்ணெயின் கணக்கோ அதனினும் சுவையானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் கடலை ஆண்டது. ஆயினும் பாய்மரக் கப்பலுக்கு அது நல்ல துணையாக அமையவில்லை. கொதிகலனும் நிலக்கரியும் கப்பலின் வயிற்றில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டன. அடுப்பைத் தூண்டுவதற்கென்றே ஆட்கள் வேண்டியிருந்தது. காற்று எப்போது ஓயும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எஞ்சின் உடனே ஓட வேண்டுமென்றால், அது சும்மா நிற்கும்போதும் நெருப்பைக் காத்து வர வேண்டும். ஒரு மைலும் நகராமலே கரி எரிந்து தீரும்.

இக்குறையைத் தீர்க்க வழி பிறந்தது ஜெர்மனியில். ருடால்ஃப் டீசல் என்னும் பொறியியலறிஞர் ஆக்ஸ்பர்க் நகரில் உருவாக்கிய எஞ்சினை, 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்துப் பார்த்தார். எண்ணெயில் அடங்கிய வெப்பத்தில் 26 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகவே அது வேலையாக மாற்றிற்று. அக்காலத்து நீராவி எஞ்சின்களில் மிகப் பல இதில் பாதியைக்கூட எட்டியதில்லை. ஒரு குதிரைச் சக்திக்கு மணி ஒன்றுக்கு அது செலவிட்ட எண்ணெய் சுமார் 240 கிராம்.

இப்புதிய எஞ்சினைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிப் புகழ்பெற்றவர் நார்வே நாட்டின் அமுண்ட்சென். துருவக் கடலுக்கென 1892-இல் கட்டப்பட்ட 'ஃப்ராம்' என்னும் கப்பலிலிருந்து நீராவி எஞ்சினை அகற்றிவிட்டு, 1910-இல் அவர் 180 குதிரைச் சக்தியுள்ள டீசல் எஞ்சினைப் பொருத்தினார். அதன் தொட்டிகள் சுமார் 90 டன் எண்ணெய் கொள்ளும். குதிரைச் சக்திக்கு மணிக்கு 220 கிராம் என்று கணக்கிட்டால், எஞ்சின் இரவு பகலாக முழுச் சக்தியோடு ஏறத்தாழ 95 நாட்கள் ஓடலாம். தேவைப்பட்டபோது இயக்கலாம், காற்று எழுந்தவுடன் நிறுத்திவிடலாம். நிறுத்திய கணமே செலவும் நின்றுவிடும். 1911 ஜனவரியில் அக்கப்பல் அண்டார்க்டிகாவின் திமிங்கல விரிகுடாவை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அமுண்ட்சென் தென்துருவத்தில் கால் வைத்தார்.

ஆனால் அக்கால டீசல் எஞ்சின் சிறு படகுக்கு ஏற்றதன்று. அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தூவ வேண்டியிருந்ததால், அதற்கெனத் தனியே ஒரு காற்றழுத்தி வேண்டும், எடை மிகும். 1927-இல் பாஷ் நிறுவனம் எண்ணெயை நேரே பீச்சும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1933-இல் ஜப்பானியரான யமவோகா மாகோகிச்சி கைக்கடக்கமான சிறு டீசல் எஞ்சினை உருவாக்கினார். அதுவரை பாய்ப்படகுகளில் பெட்ரோல் எஞ்சின்களே மிகுந்திருந்தன. கசிந்த பெட்ரோலின் ஆவி படகின் அடியில் தங்கி, ஒரு பொறியில் வெடித்துவிடும் அபாயம் அவற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவ்விடத்தை டீசல் எஞ்சின் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1897-இல் 240 கிராம். 1910-இல் 220 கிராம். இன்றைய சிறு படகு எஞ்சினுக்குச் சுமார் 200 கிராம், அதாவது ஏறக்குறையக் கால் லிட்டர். நூற்றாண்டுக்கும் மேலாக எஞ்சின் எடையில் குறைந்தது, ஓசையில் அடங்கியது. எண்ணெய்ச் செலவிலோ பெரிய மாற்றமில்லை. ஆகவே சிக்கனம் எஞ்சினிடத்தில் இருப்பதைக் காட்டிலும் அதைச் செலுத்துபவரின் கையில்தான் மிகுதியும் இருக்கிறது.

காரணத்தைக் காட்டியவர் ஆங்கிலேயரான வில்லியம் ஃப்ரூட். 1872-இல் டார்க்கி நகரில் நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்து ஆராய்ந்தார். வேகம் ஏற ஏற, மரக்கலம் தானே எழுப்பும் அலைகள் அதனைப் பின்னிழுக்கின்றன. வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் சக்தி தேவைப்படும் என்பது படகோட்டிகள் கொள்ளும் எளிய கணக்கு. சான்றாக, பத்து மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு அமைதியான நீரில் மணிக்கு 5 கடல் மைல் செல்ல 8 குதிரைச் சக்தி போதும் என்று கொள்வோம். மணிக்கு 2 லிட்டர் செலவாகும். வேகத்தை 6 கடல் மைலாக உயர்த்தினால் செலவு மூன்றரை லிட்டராகிவிடும். 60 கடல் மைல் பயணத்துக்கு முன்னதில் 24 லிட்டர். பின்னதில் 35 லிட்டர். மிச்சமாவது இரண்டு மணி நேரம். அதற்கு விலை 11 லிட்டர்.

நடுக்கடலில் அந்தப் பதினொரு லிட்டரின் மதிப்பு என்ன? மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் சிறு படகில் 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றி வந்தார். அதன் நினைவாக 2022-இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில், நம் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் தென்னாப்பிரிக்கரான கிர்ஸ்டன் நோய்ஷேஃபர் என்ற பெண்மணிக்கு. அவ்வாண்டு நவம்பரில் இந்துமாக்கடலில் போட்டியாளர் ஒருவரின் படகு சில நிமிடங்களில் மூழ்கி, அவர் உயிர்காப்பு மிதவையில் தத்தளித்தார். கிர்ஸ்டன் தம் பயணத்தைத் திருப்பி, இரவு முழுதும் சென்று, அவரை மீட்டுச் சரக்குக் கப்பலொன்றில் சேர்ப்பித்தார். பாயோடு எஞ்சினும் அதற்கு உதவிற்று. பின்னர் போட்டியை நடத்தியோர் அவர் இழந்த நேரத்துக்கு 35 மணியும், செலவான எண்ணெய்க்கு 30 லிட்டரும் ஈடாகக் கணக்கில் சேர்த்தனர்.

நாம் மேலே கண்ட கணக்கின்படி 30 லிட்டர் என்பது பதினைந்து மணி நேர ஓட்டம். காற்று வீசிய நாட்களிலெல்லாம் பாயை விரித்து மிச்சம் பிடித்த எண்ணெய், ஒருவர் கடலில் காத்திருந்த வேளையில் பயன்பட்டது.