கை மாறி வந்த தொலைநோக்கி

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி ஒருவர், "சார், நம்ம இயற்பியல் துறை அலமாரியில ஒரு பித்தளைக் குழாய் கிடக்குதே, அது என்ன கதை?" என்று கேட்டார். அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன்.

1986. ஹாலி வால்நட்சத்திரம் 76 ஆண்டுகள் கழித்து வந்திருந்த நேரம். விடுதியில் ஒன்பது பேர் சேர்ந்து, ஆளுக்கு 50 ரூபாய் போட்டு, பழைய சாமான் கடை ஒன்றில் மூன்று அங்குலத் தொலைநோக்கி வாங்கினோம். "மிலிட்டரி சரக்கு தம்பி, முந்நூறு மடங்கு பெரிசாத் தெரியும்" என்றார் கடைக்காரர். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நிலாகூட மோரில் விழுந்த மாதிரிதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டோம்.

எங்கள் பேராசிரியர் முன்பக்க லென்சைக் கழற்றிப் பார்த்தார். "கண்ணாடில பழுதில்லப்பா. யாரோ துடைக்கறேன்னு கழற்றி, முன்பின்னா மாட்டியிருக்காங்க" என்றார். இரண்டு கண்ணாடிகள் சேர்ந்த லென்ஸ் அது. திருப்பி மாட்டினால் பிம்பம் கலங்கிவிடும். சரியாக மாட்டியபின் அந்த ஏப்ரல் மாதப் பின்னிரவில் சனியின் வளையம் தெரிந்தது. ஹாலி என்னவோ பஞ்சுத் திட்டுப் போலத்தான் இருந்தது. வளையத்தைப் பார்த்தவர்கள் அன்று தூங்கவில்லை.

பிறர் கழித்ததை வாங்கினோமே என்று அப்போது கொஞ்சம் வெட்கம். வானியல் வரலாறு படித்தபிறகு அந்த வெட்கம் போய்விட்டது.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஆடி தேய்க்கும் பொழுதுபோக்கைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து 1773ல் கருவிகளையும், பாதி முடிந்த ஆடிகளையும் விலைக்கு வாங்கினார். அதில் தொடங்கிய பழக்கம். 1781 மார்ச் 13 அன்று தம் கையால் செய்த தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார்.

நம் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786ல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். 1789ல் தம் கருவிகளை அரசுக்குக் கொடுத்துவிட்டார். அவற்றைக் கொண்டுதான் 1792ல் நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம் எழுந்தது. தனிமனிதர் ஒருவர் கைவிட்டுப் போன கருவிகளே இந்நாட்டு நவீன வானியலின் முதல் முதலீடு!

புனா அறிவியல் கல்லூரியின் கதை நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பவநகர் மகாராஜா தக்தசிங்ஜியின் நன்கொடையில் அங்கே பேராசிரியர் காவஸ்ஜி நாயகம்வாலா 20 அங்குலத் தொலைநோக்கி நிறுவினார். 1912ல் அவர் ஓய்வு பெற்றதும் நிலையத்தையே மூடிவிட்டார்கள். கருவிகள் கொடைக்கானலுக்கு வந்தன. பார்க்க ஒரு மனிதர் இல்லாவிட்டால் ராஜா கொடுத்த தொலைநோக்கியும் வெறும் குழாய்தான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ராதா கோவிந்த சந்திரா. 1878ல் வங்காளத்தின் ஜெஸ்ஸோர் பகுதியில் பிறந்தவர். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்று, கருவூலத்தில் எளிய வேலையில் சேர்ந்தார். 1912ல் லண்டனிலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி வரவழைத்தார். 1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் புதிதாக ஒளிவிட்ட நோவாவைத் தாமாகவே கண்டறிந்தார். அமெரிக்காவின் மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தில் உறுப்பினராகி, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு இரவுதோறும் குறித்து அனுப்பினார். சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேல்!

அந்த உழைப்பைப் பார்த்த சங்கம் 1926ல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பியது. புதியது அல்ல, சார்லஸ் எல்மர் என்ற உறுப்பினரிடம் இருந்தது. சந்திராவுக்குப் பிறகு அது வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலைக் காவலூருக்கே வந்து சேர்ந்தது. நியூயார்க்கிலிருந்து ஜெஸ்ஸோர், அங்கிருந்து காவலூர். கருவி ஒன்றுதான், கண்கள் எத்தனை!

இன்று பழைய தொலைநோக்கி வாங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு, பட்டறிவில் சில வார்த்தைகள்:

"இத்தனை மடங்கு" என்ற பேச்சை நம்பாதீர்கள். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 50 மடங்குதான் உருப்படியான எல்லை. எங்கள் மூன்று அங்குலத்துக்கு 150; கடைக்காரர் சொன்னது அதில் இரட்டிப்பு. டார்ச் அடித்து லென்சைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். ஆடி மங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி அலுமினியப் பூச்சு கொடுக்கலாம். தாங்கி ஆடுகிறதா என்று தட்டிப் பாருங்கள்; ஆடும் காலில் நல்ல லென்ஸும் வீண். முடிந்தால் ஒரு விண்மீனைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். குவியத்துக்கு முன்னும் பின்னும் வளையங்கள் வட்டமாக, ஒரே மாதிரி தெரிய வேண்டும். பழைய பெட்டிகளில், கண் வைக்கும் லென்சில் திருகும் சூரிய வடிகட்டி ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறியுங்கள். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.

இப்போது நடப்புக்கு வருகிறேன். மாணவர்கள் பன்னிரண்டு பேர் வானியல் மன்றத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். ஆறு அங்குலத் தொலைநோக்கி வேண்டுமாம். புதியது வாங்க மன்றத்தில் பணம் இல்லை. நண்பர்களே, உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து, அவன் வெளியூர் போனபின் தூசி படிந்து ஒன்று கிடக்கலாம். விழாவுக்கு வரும்போது காரில் போட்டுக்கொண்டு வாருங்கள். லென்ஸ் திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, சரியாக மாட்டத் தெரிந்த ஆள் இங்கே இருக்கிறேன்.

அந்த ஒன்பது பேரில் இருவர் இன்று இல்லை. மீதி ஏழு பேரும் விழா இரவில் மொட்டை மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். அலமாரிச் சாவியைத் துறைத்தலைவரிடம் கேட்டு வாங்கி வைக்கவும்.